கறுப்பு டேங்க் கணக்கு

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். விஷயம் அப்படி. :-)

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு. நம்மூர் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அயோவா மாநிலத்தின் வின்னபேகோ கம்பெனி 1966-ல் தன் முதல் மோட்டார் வீட்டைச் செய்தது. இன்று அந்த நாட்டு ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில், எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. விளம்பரங்களைப் பார்த்தால் ஏரி, மலை, மடக்கு நாற்காலி, கையில் காபி. அந்த வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அதை யார் எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் காட்டாது.

வயிற்றுக்குள் பொதுவாக மூன்று டேங்க். குடிக்க, குளிக்க நல்ல தண்ணீர் டேங்க் ஒன்று. சமையல் தொட்டி, குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் சாம்பல் டேங்க் இரண்டாவது. கழிப்பறைக்கு நேர் கீழே இருக்கும் கறுப்பு டேங்க் மூன்றாவது. சாம்பல், கறுப்பு என்பது டேங்கின் நிறம் அல்ல, உள்ளே இருப்பதன் நிறம். கறுப்பு டேங்க் பல வண்டிகளில் 30 முதல் 40 காலன் பிடிக்கும். 40 காலன் என்றால் ஏறக்குறைய 150 லிட்டர். நிறைந்துவிட்டால் 150 கிலோவைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறது வண்டி.

இங்கே பலர் ஒரு தப்பான எண்ணத்தில் ஆரம்பிக்கிறார்கள். கறுப்பு டேங்கை ஒரு குட்டி செப்டிக் டேங்க் என்று நினைத்துவிடுகிறார்கள். செப்டிக் டேங்க் என்பது வேலை செய்யும் இடம். அங்கே கிருமிகள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உட்கார்ந்து கழிவைத் தின்று கரைக்கின்றன. ஆர்.வி. டேங்க் வெறும் காத்திருப்பு அறை. மூன்று நாளோ ஒரு வாரமோ கழிவு அங்கே தங்கும், பிறகு வெளியே போக வேண்டும். அதற்குள் எந்தக் கிருமியும் பெரிதாக எதையும் சாதித்துவிடப் போவதில்லை. எனவே டேங்குக்குள் வருவதெல்லாம் தண்ணீரோடு கலந்து, தண்ணீராகவே வெளியே ஓட வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு முடிந்தது.

ஆனால் வண்டிக்காரர்களின் மனசு வேறு மாதிரி வேலை செய்கிறது. டேங்க் சின்னது, சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தால் காலி செய்யப் போக வேண்டும், அது அருவருப்பான வேலை. அதனால் என்ன செய்கிறார்கள்? தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்கள். அமெரிக்க வீட்டுக் கழிப்பறையில் ஒரு தடவை ஃபிளஷ் செய்தால் 6 லிட்டர் அளவில் தண்ணீர் போகும். ஆர்.வி. கழிப்பறையில் காலால் மிதியை அழுத்தினால் ஒரு லிட்டர்கூடப் போகாது. அதையும் குறைத்து, ஒரு சொட்டு விட்டு மிதியைப் படக்கென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சிக்கனம்! அந்த சிக்கனத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டிய நாள் ஒன்று வரும்.

அந்த நாளுக்கு ஆர்.வி. உலகில் ஒரு பெயரே இருக்கிறது. பிரமிட்! எகிப்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகாம் மைதானங்களில் சில இடங்களில் வண்டி நிற்கும் இடத்திலேயே சாக்கடை இணைப்பும் தருவார்கள். புதிதாக வண்டி வாங்கியவர் குழாயை மாட்டி, கறுப்பு டேங்கின் வால்வைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டில் இருப்பது போலவே இருந்துவிடலாம் என்று நினைப்பார். நியாயமான நினைப்புதான். வீட்டில் அப்படித்தானே? ஆனால் வீட்டில் தள்ளிக்கொண்டு போக 6 லிட்டர் இருக்கிறது, குழாயும் சரிவாக இருக்கிறது. இங்கே தட்டையான அடிப்பகுதி, ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர். திறந்த வால்வு வழியாகத் தண்ணீர் மட்டும் நைசாக ஓடிவிடும். கெட்டியானது நகராது. அதன் மேல் காகிதம் ஒட்டும். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே கறையான் புற்று போல வளர்ந்துகொண்டே வரும். காற்றோட்டம் வேறு காய வைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் புற்றின் உச்சி குழாயைத் தொடும்போது, மிதியை அழுத்தினால் கீழே போவதற்கு இடமே இருக்காது. டேங்கோ பெரும்பாலும் காலி!

அதனால் அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் விதி: சாக்கடை இணைப்பு இருந்தாலும் கறுப்பு டேங்க் வால்வு மூடியே இருக்கட்டும். முக்கால் பாகமாவது நிறைந்த பிறகு மொத்தமாகத் திறந்துவிடுங்கள். அப்போதுதான் மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கெட்டியானதையும் இழுத்துக்கொண்டு ஓடும். நிறையவில்லையே, கிளம்ப வேண்டுமே என்றால் ஹோஸ் வைத்துத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுத் திறக்கலாம். காலி செய்து முடித்தவுடன் டேங்கை அப்படியே வறண்டு கிடக்கவிடக் கூடாது. ஒன்றிரண்டு பக்கெட் தண்ணீர் விட்டு, அடிப்பகுதி மூழ்கும்படி வைத்துத்தான் அடுத்த சுற்றை ஆரம்பிக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் முதல் தோசையை ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். (சாப்பாட்டு உதாரணத்துக்கு மன்னிப்பு கிடைக்காது என்று தெரிகிறது.)

புற்று ஏற்கெனவே வளர்ந்துவிட்டவர்களுக்கு? அதற்கும் மருந்து தண்ணீரும் பொறுமையும்தான். வால்வை மூடி, டேங்கை நன்றாக நிரப்பி, ஓரிரு நாள் ஊற விட வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் கிடைத்தால் நல்லது. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, டேங்கும் குழாய்களும் பிளாஸ்டிக். பிறகு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினால் உள்ளே அலையடித்துக் கட்டி உடையும். காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பு, மறுபடி ஊற வை. ஒரே நாளில் நடக்காது. நீளமான தடியின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் கருவியைக் கழிப்பறை வழியாக உள்ளே விட்டுக் கட்டியை உடைப்பதும் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவித் தரும் ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான், பில் பெரிசாக வரும்.

இந்த இடத்தில் ஐஸ் வைத்தியம் பற்றிச் சொல்லியாக வேண்டும். டேங்கில் ஒரு மூட்டை ஐஸ் கட்டியைக் கொட்டி வண்டியை ஓட்டினால், கட்டிகள் உருண்டு பக்கச் சுவர்களைத் தேய்த்துக் கழுவிவிடும் என்று ரொம்ப காலமாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. கேட்கும்போது அறிவியல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஐஸ் தண்ணீரில் மிதக்கும். அழுக்கு ஒட்டியிருப்பதோ பெரும்பாலும் அடியில். மிதக்கும் ஐஸ் அடியை எப்படித் தேய்க்கும்? தண்ணீரே இல்லாமல் கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் முனை மழுங்கிக் கரைந்துவிடும். தீமை ஒன்றும் இல்லை, கடைசியில் அது தண்ணீராகத்தானே மாறுகிறது. வைத்தியம் பலித்தது என்று சிலர் சத்தியம் செய்வதற்குக் காரணம் அந்தத் தண்ணீராகவே இருக்கலாம்.

வண்டிச் சுவரில் ஒரு பட்டனை அழுத்தினால் டேங்க் மூன்றில் ஒரு பங்கா, இரண்டு பங்கா, முழுசா என்று விளக்கு எரியும். பல வண்டிகளில் கறுப்பு டேங்க் விளக்கு ஒரு பொய்யன். டேங்கின் சுவரில் வேறு வேறு உயரத்தில் உலோக முனைகள் இருக்கும், கழிவுநீர் அந்த உயரத்தைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். முனையில் ஈரக் காகிதம் ஒட்டிக்கொண்டாலும் மின்சாரம் பாயும். ஆக, காலி டேங்க் முக்கால் என்று காட்டும். டேங்கின் வெளிப்பக்கத்தில் ஒட்டி அளக்கும் வகை பரவாயில்லை. பழகியவர்கள் விளக்கைப் பார்ப்பதில்லை, நாளை எண்ணுகிறார்கள்.

சரி, காலி செய்யும் வேலைக்குப் போகலாம். டம்ப் ஸ்டேஷன் என்பது தரையில் ஒரு மூடி போட்ட துவாரம், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். முகாம்களில் இருக்கும், சில பெட்ரோல் பங்குகளில் இருக்கும், சில மாநிலங்களில் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் இருக்கும். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் 10, 15, 20 டாலர். கையுறை மாட்டிக்கொண்டு, வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளிமூடியைக் கழற்ற வேண்டும். வால்வுப் பலகை ஓடும் பள்ளத்தில் காகிதம் சிக்கியிருந்தால் அது முழுசாக மூடாது, அந்த விஷயம் மூடியைக் கழற்றும்போது காலில் தெரியும். 3 அங்குல ஹோஸின் ஒரு முனை வண்டியில், மறுமுனை துவாரத்தில். துவாரத்து முனை எகிறாமல் இருக்க மேலே ஒரு பாரம் வைப்பார்கள். 2006-ல் ராபின் வில்லியம்ஸ் நடித்து வந்த 'ஆர்.வி.' படத்தில் இந்த இணைப்பு சரியாக அமையாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு முழு காட்சியே வைத்தார்கள். தியேட்டரில் சிரிப்பு. நேரில் சிரிப்பு வராது.

முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். இந்த வரிசை மாறக் கூடாது. சாம்பல் டேங்கின் சோப்புத் தண்ணீர் கடைசியில் ஓடினால் ஹோஸைக் கழுவிவிடும். ஹோஸின் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளைவு ஒன்று போட்டால் ஓடுவது தெளிந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். பார்க்க ஆசையாக இருக்காதுதான், ஆனால் பார்க்க வேண்டும். தெளியும்வரை நிரப்பிக் காலி செய்வதுதான் சுத்தம் செய்வது என்பதன் முழு அர்த்தம்.

இங்கே உயிருக்கே சம்பந்தமான ஒரு விஷயம். ஹோஸைக் கழுவ வைத்திருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. பல டம்ப் ஸ்டேஷன்களில் 'இது குடிதண்ணீர் அல்ல' என்று எழுதியே வைத்திருப்பார்கள். முன்னால் வந்தவர் தன் ஹோஸின் வாயை அந்தக் குழாயின் வாயில் முட்டவைத்துக் கழுவிவிட்டுப் போயிருப்பார். குடிதண்ணீருக்கு வேறு நிறத்தில் தனி ஹோஸ், தனிப் பெட்டி. கையுறையைக் கழற்றாமல் நல்ல தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது.

நவீன வண்டிகளில் டேங்குக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு வருகிறது. வெளியே ஹோஸை மாட்டிவிட்டால் போதும். வசதிதான். ஆனால் வால்வை மூடி வைத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரரோடு வானிலை பேசப் போய்விட்டால்... டேங்க் நிறைந்து, கழிவு கூரையின் காற்றுக்குழாய் வரை ஏறும், அல்லது கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வரும், அல்லது டேங்கே வெடிப்பு விடும். அந்தப் பத்து நிமிஷம் வேறு எங்கும் போகாமல் நிற்பதுதான் நல்லது.

இதுவரை சொன்னது வண்டிக்காரரின் சொந்தக் கஷ்டம். அடுத்தவர் தலையில் விழும் கணக்கு ஒன்றும் இருக்கிறது, பேசப்பட வேண்டியது அதுதான்.

தண்ணீரை மிச்சம் பிடித்தால் நாற்றம் வரும். நாற்றம் வந்தால் கடையில் மருந்து வாங்குவார்கள். நீல நிறத்தில், வாசனையோடு, ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று எழுதியிருக்கும். பழைய தலைமுறை மருந்துகளில் பலவற்றில் இருந்தது ஃபார்மால்டிஹைடு. பிணங்களைப் பதப்படுத்தும் அதே சாமான். அது கழிவை மாற்றாது, கழிவில் இருக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். கிருமி செத்தால் நாற்றம் நிற்கும், வண்டிக்காரருக்கு நிம்மதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த டேங்க் காலியாகும் இடம்.

நகரத்துக்கு வெளியே இருக்கும் முகாம்கள் பலவற்றில் ஊர்ச் சாக்கடை கிடையாது. சொந்த செப்டிக் டேங்க்தான். அது உயிரோடு இருப்பதே கிருமிகளால். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். ஏற்கெனவே தண்ணீர் குறைவாகச் சேர்த்த கெட்டியான கழிவு, வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு அடர்த்தி. கூடவே கிருமிக்கொல்லி. செப்டிக் டேங்கில் வேலை பார்க்கும் கிருமிகள் சாகும். கரையாத கழிவு டேங்கைத் தாண்டி வடிகால் நிலத்துக்குள் போய் மண்ணின் துவாரங்களை அடைக்கும். அடைத்த மண்ணைக் கழுவ முடியாது, புதிதாகத் தோண்டிப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் செலவு. நிலத்தடி நீருக்குள் மருந்து இறங்கினால் கிணற்றுக்கும் ஆபத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை எச்சரித்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட சில ரசாயனங்களை ஆர்.வி. டேங்க் மருந்துகளில் தடை செய்திருக்கிறது.

பி.காம். முதலாண்டுப் பொருளாதாரப் பாடத்தில் புறச்செலவு என்று ஒன்று வரும். ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு அவருடைய பேரேட்டில் ஏறாமல், சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் பேரேட்டில் ஏறுவது. பாடப்புத்தகத்தில் எப்போதும் தொழிற்சாலைப் புகை உதாரணம்தான் இருக்கும். இந்த நீல மருந்து அதைவிடச் சுத்தமான உதாரணம். மருந்து வாங்கியவருக்கு ஆன செலவு சில டாலர். முகாம்காரருக்கு ஒரு வடிகால் நிலம். அவர் அந்தச் செலவை எங்கே எடுப்பார்? அடுத்த வருஷக் கட்டணத்தில். இல்லாவிட்டால் துவாரத்துக்குப் பூட்டுப் போடுவார். பூட்டுகள் கூடக்கூட அடுத்த டம்ப் ஸ்டேஷன் இன்னும் தூரமாகும், ஓரமாக எங்கேயாவது திறந்துவிடலாமே என்ற சபலமும் கூடும்.

சபலத்துக்கு ஒரு சரித்திர உதாரணம் இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 8, சிகாகோ. டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற இசைக்குழுவின் சுற்றுலாப் பேருந்து ஒன்று கின்ஸி தெருப் பாலத்தில் போகும்போது அதன் ஓட்டுநர் கழிவு டேங்கைத் திறந்துவிட்டார். அந்தப் பாலத்தின் தளம் இரும்புக் கம்பி வலை. ஆற்றில்தானே விழும் என்று நினைத்திருப்பார் போல. சரியாக அந்த நிமிஷம் கீழே போய்க்கொண்டிருந்தது நகரத்தின் கட்டிடங்களைச் சுற்றிக் காட்டும் பயணிகள் படகு. சுமார் 360 கிலோ கழிவு! மேல்தளத்தில் நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஜனங்கள் தலையில்! ஓட்டுநர் 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இசைக்குழு இல்லினாய் மாநிலத்துக்கு 2 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. பல வருஷம் கழித்தும் அமெரிக்கர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். படகு மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் ஆற்றில் போன 360 கிலோவைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம்.

மருந்தே வேண்டாமா என்றால், கிருமிகளைக் கொல்லாமல் அவற்றுக்கு உதவி செய்யும் நொதி வகை மருந்துகள் இப்போது கடைகளில் நிறைய. அவையும் தண்ணீர் இருந்தால்தான் வேலை செய்யும். பிளீச்சிங் திரவம் ஊற்றுவது ஆகாது. ரப்பர் வளையங்கள் கெடும், சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். காகிதத்தைச் சோதிக்க ஒரு மூடி போட்ட ஜாடி போதும். தண்ணீரில் இரண்டு தாளைப் போட்டுக் குலுக்கினால் பஞ்சாகப் பிரிய வேண்டும், பிரியாவிட்டால் அந்தக் காகிதம் வேண்டாம். ஃபிளஷ் செய்யலாம் என்று அட்டையில் எழுதி விற்கும் ஈரத்தாள்களை இதே ஜாடியில் போட்டுப் பாருங்கள், மறுநாளும் துணி மாதிரி முழுசாக இருக்கும். சாம்பல் டேங்கின் எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் போதும்.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்குகளைக் கழுவிக் காலி செய்து, குழாய் வளைவுகளில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் ஊற்றி வைக்கிறார்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதை இங்கே ஊற்றக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், கூரை ஒழுகலைப் பார்க்கிறார்கள். கறுப்பு டேங்கைப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் பாதி தண்ணீர் நிரப்பச் சொல்லி, வால்வை மூடி, வெளிமூடியைக் கழற்றி, கீழே ஒரு பக்கெட் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் வால்வின் யோக்கியதை தெரிந்துவிடும். பிறகு டார்ச் அடித்துக் கழிப்பறைக் குழாய் வழியாகக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெரிந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம். புற்று தெரிந்தால் அதைக் கழுவும் கூலியைக் கழித்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.